இரத்த அழுத்தமும் இல்லத்து வழக்கமும்

உப்பைப் போலத் தமிழர் வாழ்விற் பெருமை பெற்ற பொருள் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறது ஒரு பழமொழி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் மற்றொன்று, நன்றியறிதலுக்கே உப்பை அடையாளமாக்கி வைத்தது. ஆனையிறவிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் கடல்நீரைத் தேக்கி, வெயிலிற் காயவிட்டு உப்பெடுக்கும் நாடு இது. இத்துணைச் சிறப்புடைய உப்பு, அளவை மீறுமிடத்து, மனிதனுடைய இரத்தக் குழாய்களுக்குள் ஓசையின்றிப் பகையாக வந்து நிற்கின்றது. அப்பகை வளர்க்கும் நோயே உயர் இரத்த அழுத்தம். ஊரார் அதனைப் 'பிறஷர்' என்று வழங்குவர். அந்நோய்க்குக் காரணங்கள் பல. பரம்பரையும் முதுமையும் மனிதன் மாற்றவியலாதவை. உணவு, உழைப்பு, உடற்பருமன், மது, உறக்கம் முதலியனவோ மாற்றத்தக்கவை. மாற்றத்தக்கவற்றை மாற்றுவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இரத்த அழுத்தம் என்பது நோயின் பெயரன்று. அது உயிருள்ள உடம்பு அனைத்துக்கும் உரியது. இதயம் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கின்றது. ஓய்ந்திருக்கும் வேளையிலும் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவான இரத்தத்தைக் குழாய்களுட் செலுத்துகின்றது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது குழாயின் சுவரை நீர் அமுக்குவது போல, ஓடும் இரத்தம் நாடிகளின் சுவரை அமுக்குகின்றது. இதயம் சுருங்கும்போது உண்டாவது மேல் அழுத்தம். அது விரிந்து இளைப்பாறும்போது எஞ்சி நிற்பது கீழ் அழுத்தம். 120க்கு 80 என்று வைத்தியர் சொல்வது இவ்விரண்டையுமே. பாதரசம் எத்தனை மில்லிமீற்றர் உயர்கின்றது என்பதே அவ்வளவு. பலமுறை அளந்தும் மேல் அழுத்தம் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் அழுத்தம் 90 அல்லது அதற்கு மேலாகவோ நின்றால், அதனை உயர் இரத்த அழுத்தம் எனப் பெரும்பாலான நாடுகளில் வைத்தியர்கள் கொள்வர்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கின்றது. காய்ச்சல் சுடும், பல் வலிக்கும், புண் நோகும். உயர்ந்த அழுத்தமோ பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தலையிடி வந்தாற்றான் பிறஷர், தலையிடி இல்லாவிட்டால் நலம் என்று கருதுவோர் பலர். அது தவறான எண்ணம். ஆண்டுக்கணக்காக ஒரு குறியும் காட்டாதிருந்து, ஒருநாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கேடாகவோ அது வெளிப்படும். அப்பொழுதுதான் வீட்டார், ஐயோ, நேற்றும் நன்றாகத்தானே இருந்தார் என்று அலறுவர்.

மறைந்திருக்கும் இவ்வழுத்தத்தை மனிதன் அளக்கக் கற்றது அண்மைக் காலத்திலேயே. ஆங்கிலேயப் பாதிரியாராகிய ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் ஒரு குதிரையின் நாடியிற் குழாயைச் செருகி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழுந்ததைக் கண்டு, அதனை 1733ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மனிதனின் கையிற் பட்டியைச் சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியரான ரீவா-ரோச்சி 1896ஆம் ஆண்டில் அமைத்தார். ரஷ்ய வைத்தியரான கொரோட்கோவ், நாடியின் ஓசையைக் கேட்டு இரு அழுத்தங்களையும் அறியும் முறையை 1905ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அளக்கும் வழி தெரிந்த பின்னரும் குறைக்கும் வழி நெடுங்காலம் தெரிந்திலது. அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற் 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபோது, அவருடைய மேல் அழுத்தம் 300ஐக் கடந்திருந்தது. உலகப் பெரும் படைகளை ஏவிய ஒருவருக்கு, அந்நோயை அடக்கவல்ல நல்ல மருந்து ஒன்றேனும் அன்று கிடைக்கவில்லை.

அக்காலத்திலேதான் உணவைக்கொண்டே அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதும் புலனாயிற்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்னும் வைத்தியர், 1940ஆம் ஆண்டளவில், கடுமையான நோயாளிகளுக்குச் சோறும் பழமும் சர்க்கரையுமே உணவாகக் கொடுத்தார். உப்பை அறவே விலக்கினார். பலருக்கு அழுத்தம் வியக்கத்தக்க அளவு தணிந்தது. ஆயினும் அவ்வுணவைப் பல மாதம் தொடர்ந்து உண்பது எவர்க்கும் எளிதன்று. உணவாற் பயன் உண்டு என்பதனை அப்பத்தியம் காட்டியது. நாள்தோறும் மகிழ்ந்து உண்ணத்தக்க உணவு எது என்பதனை அது காட்டவில்லை.

அதனைக் காட்டியது பின்னர் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவில் 412 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட அவ்வாராய்ச்சியின் முடிவு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு சாராருக்கு அந்நாட்டு வழக்கமான உணவு கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்குக் காய்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், கொழுப்புக் குறைந்த பால், மீன், பருப்பு ஆகியன மிகுந்த உணவு கொடுக்கப்பட்டது. இரு சாராரும் உப்பை மூன்று அளவுகளில், ஒவ்வோரளவும் 30 நாளாக உண்டனர். எந்த உணவாயினும் உப்புக் குறையக் குறைய அழுத்தமும் குறைந்தது. உயர் அழுத்தம் உடையோரை எடுத்துக்கொண்டால், வழக்கமான உணவை மிகுந்த உப்போடு உண்ட காலத்திலும், நல்லுணவைக் குறைந்த உப்போடு உண்ட காலத்தில் மேல் அழுத்தம் 11 மில்லிமீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருந்தது. ஒரு மருந்துக் குளிசை செய்யும் வேலைக்கு இது ஏறக்குறைய ஈடாகும். மேல் அழுத்தம் 10 மில்லிமீற்றர் குறையுமிடத்துப் பாரிசவாதம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகின்றது என்பதனை, மருந்து ஆராய்ச்சிகள் பலவற்றை ஒருங்கு வைத்து ஆய்ந்தோர் 2016ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். ஆகவே இந்தப் பத்து மில்லிமீற்றர் அற்பமானதன்று.

உப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டா. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்ற பழமொழியே போதும். உப்பிலுள்ள சோடியம் உடம்பில் நீரைத் தேக்கி வைக்கின்றது. நீர் தேங்கினால் குழாய்களில் ஓடும் இரத்தத்தின் கனவளவு கூடுகின்றது. கூடவே அழுத்தமும் கூடுகின்றது. மிகுந்த சோடியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் கடமை. முதுமையாலோ நோயாலோ அச்சிறுநீரகம் தளருமிடத்து உப்பின் கேடு இன்னும் பெருகும்.

இவையெல்லாம் இன்று பலரும் அறிந்தவையே. அறிந்தும் ஏன் நடைபெறவில்லை என்பதுதான் வினா. அதற்கு விடை காண விரும்புவோர், சாதாரணமான ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். குடும்பத் தலைவருக்கு அழுத்தம் உயர்ந்திருப்பதாக வைத்தியர் கூறுகின்றார். அன்று மாலையே அவருடைய மனைவியார், அவருக்கென்று ஒரு சிறிய சட்டியில் உப்புக் குறைந்த கறி ஆக்குகின்றார். ஏனையோருக்குப் பெரிய சட்டியில் வழக்கமான கறி. தந்தையின் கோப்பையிற் சப்பென்ற கத்தரிக்காய். பக்கத்தில் இருக்கும் மகனின் கோப்பையில் மணம் வீசும் கருவாட்டுக் குழம்பு. முதல் வாரம் வைராக்கியம். இரண்டாம் வாரம் சலிப்பு. மூன்றாம் வாரம், இன்றைக்கு மாத்திரம் என்று ஒரு துண்டு ஊறுகாய். மாதம் ஒன்று முடியுமுன்னரே சிறிய சட்டி பரணில் ஏறிவிடும். அவர் மனவுறுதி அற்றவர் என்று வீட்டார் கூறுவர். உண்மையிற் குறை அவருடைய மனத்தில் இல்லை. ஒருவரைத் தனியே பிரித்து, அவருக்கு மட்டும் பத்தியம் விதித்த ஏற்பாட்டிலேயே குறை இருக்கின்றது.

இன்னுமொன்று. இந்நோய் குடும்பவழியாக வரும் இயல்புடையது. தந்தைக்கு உயர் அழுத்தம் இருந்தால், பெரிய சட்டியிலிருந்து உண்ணும் மகனுக்கும் மகளுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவரிலும் மிகுதி. ஆதலின் மாற வேண்டியது நோயாளியின் சட்டியன்று, வீட்டின் சட்டியே. இயற்கை முறையில் அழுத்தத்தைக் குறைப்பதென்பது ஒருவருடைய தவம் அன்று; ஓர் இல்லத்தின் வழக்கம்.

இக்கருத்துக்குச் சீன தேசத்திலே நடந்த ஒரு முயற்சி தக்க சான்றாகும். வடசீனாவின் சாங்சி என்னும் நகரில் 28 ஆரம்பப் பாடசாலைகள் தெரிந்தெடுக்கப்பட்டன. அப்பகுதி மக்கள் உண்ணும் உப்பிற் பெரும்பகுதி வீட்டுச் சமையலிற் கையால் இடப்படுவது. இந்த வகையில் அவர்களுடைய அடுக்களை இலங்கையின் அடுக்களையைப் பெரிதும் ஒத்தது. அப்பாடசாலைகளிற் பாதியில், ஐந்தாம் வகுப்புச் சிறுவர்களுக்கு, மிகையான உப்பின் தீங்கும் அதனைக் குறைக்கும் வழிகளும் ஒரு தவணைக் காலம் கற்பிக்கப்பட்டன. கற்றதை வீட்டிற் சொல்லி, பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் உப்பைக் குறைக்கச் செய்வதே அச்சிறுவர்களுக்கு இடப்பட்ட பணி. மற்றப் பாதிப் பாடசாலைகளில் வழக்கமான பாடங்களே நடந்தன. தவணையின் இறுதியில், வீட்டாரின் ஒருநாட் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்த உப்பை அளந்து பார்த்தார்கள். உப்புப் பாடம் நடந்த வீடுகளில், வளர்ந்தோர் உண்ணும் உப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 2.9 கிராம் குறைந்திருந்தது. அவர்களின் மேல் அழுத்தமும் சராசரியாக 2.3 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. இம்முடிவுகள் 2015ஆம் ஆண்டில் வெளியாயின. அவ்வீட்டாரிற் பலர் நோயாளரே அல்லர் என்பதும், நடுவில் நின்றது பத்து வயதளவான ஒரு குழந்தையே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன. வைத்தியரின் ஆணைக்கு ஒரு மாதம் பணியும் தந்தை, மகளின் வேண்டுகோளுக்கு ஆண்டு முழுவதும் பணிகின்றார்.

உப்பு எத்துணை போதும்? வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டியே அவ்வளவு. சமையலில் இடுவது, பாணிலும் கருவாட்டிலும் ஒளிந்திருப்பது யாவும் அதனுள் அடங்கும். ஆயினும் கையால் அள்ளி உப்பிடும் வீட்டிற் கிராமைக் கணக்கிடுவது எங்ஙனம்? அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஐவர் வாழும் இல்லத்தில் நாளுக்கு 25 கிராம் என்றால், 400 கிராம் கொண்ட உப்புப் பொதி ஒன்று 16 நாளுக்காவது வருதல் வேண்டும். கடையில் வாங்கும் பண்டங்களின் உப்பையும் எண்ணினால் அதற்கு மேலும் பல நாள் வருதல் வேண்டும். பொதியை உடைத்த திகதியை அதன்மேல் எழுதிவிட்டு, முடிந்த திகதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவ்வீட்டின் உண்மை நிலை தெரிந்துவிடும். இக்கணக்கை வீட்டிலுள்ள மாணவனிடமோ மாணவியிடமோ ஒப்படைப்பது சாலச் சிறந்தது.

உப்பு மறைந்திருக்கும் இடங்களையும் அறிதல் வேண்டும். கருவாடு, மாசி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியன வெளிப்படையாக உப்பேறியவை. பாண், விசுக்கோத்து, மிக்சர், பேக்கரிப் பலகாரம், தகரத்தில் அடைத்த மீன், உடனடி நூடில்ஸ், சுவையூட்டும் கட்டிகள் ஆகியவற்றில் உப்பு நாவுக்குத் தெரியாமல் இருக்கின்றது. சோறு வேகும்போது உப்பிடுவதும், உண்ணும்போது மேசையில் உப்புச் சாடி வைப்பதும் விட்டுவிடத்தக்க வழக்கங்கள். இவற்றை ஒரே நாளில் ஒழிக்க முயல்வோர் தோற்பர். வாரத்துக்குச் சிறிதாக உப்பைக் குறைத்து வந்தால், நாவு அம்மாற்றத்தை அறியாமலே பழகிக்கொள்ளும். சில வாரங்களில் முந்திய உணவே கரிப்பதாகத் தோன்றும். அதுகாறும் தேசிக்காய்ப் புளியும் மிளகும் இஞ்சியும் உள்ளியும் கறிவேப்பிலையும் துணை நிற்கும். கருவாடு அடியோடு விலக்க வேண்டியதன்று. நாள்தோறும் என்பதை மாதத்தில் ஓரிரு நாள் என்றாக்கலாம். நீரில் ஊறவைத்துக் கழுவி, அந்நீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு நீங்கும்.

இந்துப்பு உடம்புக்குக் கெடுதி செய்யாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இந்துப்பாயினும் கல்லுப்பாயினும் பெரும்பகுதி சோடியம் குளோரைட்டே. நிறம் மாறினால் இயல்பு மாறாது. அன்றியும், குறைவாக இடும் உப்பு அயடீன் சேர்ந்ததாக இருத்தல் நன்று. சோடியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பொற்றாசியம் சேர்த்த உப்பும் இன்று விற்பனைக்கு வந்துள்ளது. சீனத்தின் 600 கிராமங்களில், பாரிசவாதம் முன்னரே கண்டோரும், அறுபது வயதைத் தாண்டி உயர் அழுத்தம் உடையோருமாகிய ஏறக்குறைய 21,000 பேரிடையே அது சோதிக்கப்பட்டது. அவ்வுப்பை உண்டோரிடம் பாரிசவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்திருந்ததாக 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் சிறுநீரக நோய் உள்ளோருக்கும், சில வகை அழுத்த மருந்துகளை உட்கொள்வோருக்கும் அது ஆபத்தை விளைவிக்கக்கூடும். வடமத்திய மாகாணம் போன்று சிறுநீரக நோய் பரவிய பகுதிகளையுடைய இந்நாட்டில், வைத்தியரைக் கேளாமல் அதனைக் கையாளுதல் ஆகாது.

குறைப்பதைப் போலவே கூட்டுவதும் வேண்டும். பொற்றாசியம் என்னும் தாது, சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குத் துணைசெய்கின்றது. கீரை, பயறு, பருப்பு, வாழைப்பழம், கிழங்கு ஆகியவற்றில் அது மிகுதியாக உண்டு. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வேலியோரத்திற் கிடைப்பவை. விலை கொடுத்து வாங்கும் மாத்திரைகளிலும் இவை மேலானவை. மதிய உணவிற் சோற்றைச் சிறிது குறைத்து, அவ்விடத்தில் ஒரு கீரையும் இரு மரக்கறியும் வைப்பது சிக்கனமும் ஆகும். இங்கும் சிறுநீரக நோயாளர் வைத்தியரின் சொற்படியே நடத்தல் வேண்டும்.

அடுத்தது உழைப்பு. முன்னாளில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் மக்கள் நடந்து சென்றனர். துலா மிதித்து நீர் இறைத்தனர். இன்று அடுத்த தெருக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கின்றது. வாரத்தில் 150 நிமிடமாவது, மூச்சுச் சிறிது விரையும்படி நடத்தல் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறும். நாளுக்கு அரைமணியாக வாரத்தில் ஐந்து நாள் என்று அதனைப் பகுத்துக்கொள்ளலாம். ஒழுங்காக நடக்கும் உயர் அழுத்தக்காரருக்கு மேல் அழுத்தம் 5 முதல் 8 மில்லிமீற்றர் வரை குறையும். உடற்பருமன் உடையோர் ஒரு கிலோகிராம் எடை குறையுந்தோறும் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் குறையும் என்பது பொதுக் கணக்கு. நடப்பதிலும் வீட்டுத் துணை பெரிது. மாலையில் ஒருவர் செருப்பை மாட்டும்போது மற்றொருவரும் எழுந்தால், நடை நிலைக்கும். நெடுநாள் உழைப்பின்றி இருந்தோரும், நெஞ்சுவலி உள்ளோரும் வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்குதல் வேண்டும்.

மதுவகைகள் யாவும் அழுத்தத்தை உயர்த்துவன. சாராயம் கெடுதி, கள் இயற்கையானது என்று வேறுபடுத்துவதிற் பொருளில்லை. இரண்டிலும் உள்ளது ஒரே மதுசாரம். சுருட்டும் சிகரெட்டும் புகைக்கும் வேளையில் அழுத்தத்தை ஏற்றுவதோடு, குழாய்களின் உட்சுவரையும் சிதைக்கின்றன. உறக்கமும் கருதத்தக்கது. உரத்துக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்போருக்கு, அக்குறையே அழுத்தத்துக்குக் காரணமாக இருத்தல் கூடும். வீட்டார் அதனை வேடிக்கையாகக் கொள்ளாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

இனி, இயற்கை என்னும் சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இயற்கையானவை யாவும் நன்மை செய்வன அல்ல. இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் வீடுகளில் வழங்கும் அதிமதுரம் ஒரு வேரே. ஆயினும் அதனைத் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் உடம்பிற் சோடியம் தேங்கி, அழுத்தம் உயரும். வைத்தியரைக் கேளாது நாள்தோறும் விழுங்கும் சில நோவு மாத்திரைகளும் அவ்வாறே. இவற்றினும் பெரிய ஆபத்து, குளிசையைத் தாமாகவே நிறுத்துவது. அளவு சரியாகிவிட்டது, இனி மருந்து எதற்கு என்று சிலர் எண்ணுவர். அளவு சரியானது மருந்தினாலே என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். திடீரென நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். சில மருந்துகளை நிறுத்தும்போது முன்னிலும் கடுமையாக ஏறுவதும் உண்டு.

வாழ்க்கை முறையால் மருந்தைக் குறைக்க இயலாதா என்றால், சிலருக்கு இயலும். அமெரிக்காவில் 60 முதல் 80 வயது வரையான, ஒரே மருந்தால் அழுத்தம் அடங்கியிருந்த முதியோரிடம் நடத்திய ஆராய்ச்சி 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் உப்பைக் குறைத்தனர். பருமனானோர் எடையையும் குறைத்தனர். அதன் பின்னரே வைத்தியரின் மேற்பார்வையில் மருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. இவ்வாறு வழக்கத்தை மாற்றியவர்களுள் மருந்தின்றி இருக்க முடிந்தோர் தொகை, மாற்றாதோரிலும் மிகுந்திருந்தது. எல்லாராலும் முடியவில்லை என்பதும் உண்மை. முதலில் மருந்தை விட்டுப் பின்னர் வழக்கத்தை மாற்ற நினைப்பது தலைகீழான முறை. முதலில் வழக்கம் மாற வேண்டும்; பின்னர் அளவு அதனைக் காட்ட வேண்டும்; அதன் பின் வைத்தியர் தீர்மானிக்க வேண்டும்.

அளவு சரியாக இருப்பதற்கு அளக்கும் முறையும் சரியாக இருத்தல் வேண்டும். அளக்குமுன் அரைமணி நேரத்துக்குத் தேத்தண்ணீரும் புகையும் ஆகா. சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் நிலத்திற் பதிய, ஐந்து நிமிடம் பேசாது இருத்தல் வேண்டும். கை, நெஞ்சின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். ஓரிரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறித்துக்கொள்ளுதல் நன்று. பேருந்தால் இறங்கி ஓடிவந்த மூச்சோடு அளந்த அளவைக் கண்டு அஞ்சவும் வேண்டா. ஒருமுறை குறைந்ததைக் கண்டு மகிழ்ந்து மருந்தை விடவும் வேண்டா. மேல் அழுத்தம் 180ஐயோ கீழ் அழுத்தம் 120ஐயோ கடந்திருந்து, நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், வாய் கோணுதல், கைகால் சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்றும் உடன் தோன்றினால், கைமருந்து தேடி நேரம் போக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாய் கோணியும் கைகால் சோர்ந்தும் காணுமிடத்து, அழுத்தத்தை அளக்கவும் காத்திருத்தல் ஆகாது.

வீடுதேடிச் செல்லும் துணை எத்துணைப் பயன் தரும் என்பதற்கு இலங்கையும் பங்குகொண்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமுதாயங்களில், உயர் அழுத்தமுடைய 2,645 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். அச்சமுதாயங்களுட் பாதியில், அரச சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்கே சென்று அழுத்தத்தை அளந்தனர். உணவு, நடை, மருந்து ஆகியன பற்றி வீட்டாருடன் கலந்து பேசினர். தேவையானோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டு முடிவில், அவ்வாறு கவனிக்கப்பட்டோரின் மேல் அழுத்தம் மற்றவரைக் காட்டிலும் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் அதிகமாகத் தாழ்ந்திருந்தது. இது 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவு. மூன்று தேசத்திலும் பயன் தந்தது வீட்டுக்குள் வந்து சொன்ன சொல்லும், அதனோடு சேர்ந்த மருந்துமே.

திருவள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் அளவைப் பற்றிச் சொல்லவே செலவிட்டார். அவ்வளவறிதல் இன்று ஒவ்வோர் அடுக்களையிலும் தொடங்க வேண்டியிருக்கின்றது. பாடசாலை அதற்குத் துணைபுரியலாம். சுகாதார பாடத்தில் ஒரு பக்கத்தை மனனம் செய்வதற்குப் பதிலாக, வீட்டின் உப்புப் பொதி எத்தனை நாள் வந்தது என்று ஒவ்வொரு மாணவரும் எழுதிக்கொண்டு வரலாம். நாற்பது வயதைக் கடந்த பெற்றோர், தமக்கு ஒரு நோயும் இல்லையென்று எண்ணினாலும், அண்மையிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் சென்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்துகொள்ளலாம்.

இன்றிரவு உணவுக்கு அடுப்பு மூட்டும் இல்லங்களில், இரு சட்டிகளுக்குப் பதிலாக ஒரு சட்டி ஏறட்டும். அதில் உப்புச் சிறிது குறையட்டும். முதல்நாள் ஒருவரும் முகம் சுளிக்காதவாறு, மிகச் சிறிதே குறையட்டும். அடுத்த வாரம் இன்னுஞ் சிறிது குறையலாம். நோயுற்ற தந்தை தனித்து உண்ணாமல், பிள்ளைகளோடு ஒரே கறியை உண்ணும் வீட்டில், அவருடைய அழுத்தம் தணிவதோடு, அப்பிள்ளைகள் ஐம்பது வயதை அடையும்போது வரவிருக்கும் துன்பமும் பெரிதும் குறையும்.